நன்றி என்பது ரசீது அன்று

நம் ஊர்ப்பக்கத்துச் சபைகளில் ஒரு வாய்பாடு வேரூன்றி வருகிறது. நோயுற்றவர் குணமாவதற்கு முன்பே, குணமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டு இறைவனுக்கு நன்றி செலுத்திவிட வேண்டுமாம். செலுத்தினால் குணம் தானே வந்து சேருமாம். வரவில்லையென்றால் நன்றியில் குறையாம், விசுவாசத்தில் குறையாம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மருத்துவமனை வாயில்களில் கையில் திணிக்கப்படும் துண்டறிக்கைகளில் இவ்வாய்பாட்டைக் காணலாம். நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் வாயிலிருந்தும் கேட்கலாம். இதனை விசுவாசத்தின் உச்சம் என்கின்றனர். இது விசுவாசமே அன்று, முன்பணம் என்கிறோம் நாம். வீடு வாடகைக்குப் பிடிப்பவர் அட்வான்ஸ் கொடுத்துச் சாவி கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கிறித்தவம் கற்பிக்கும் நன்றியோடு இதற்கு உறவில்லை என்பதையும், பல நேரங்களில் இது உயிருக்கே உலை வைக்கிறது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இதைப் பேச நமக்கு என்ன தகுதி என்று கேட்பார் இருப்பர். அவர்களுக்காக மட்டும் ஒரு செய்தி. நம் கணவரின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரத்துக்கு 3 நாள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ். கல்லூரியில் தமிழ் கற்பித்த நேரம் போக, மற்ற நேரத்தில் பெரும்பகுதியை அந்த அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் கழித்திருக்கிறோம். விடைத்தாள் திருத்தியதும் அங்கேதான், மறையேட்டை மெதுவாக வாசிக்கக் கற்றதும் அங்கேதான். பிறந்தது முதல் கிறித்தவர்களாக இருந்தும், நம்பிக்கை என்பது இன்னது என்று ஓரளவேனும் விளங்கியது அந்தப் பெஞ்சில்தான். ஆகவே, நம்பிக்கையைத் தாக்க வந்த கட்டுரை இது என்று எவரும் எண்ண வேண்டா. நம்பிக்கையின் பெயரால் நடக்கும் வாணிகமே நம் இலக்கு.

*

முதலில் உயிராபத்தைச் சொல்லிவிடுவோம். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர் டயாலிசிசை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாள்களிலோ சில வாரங்களிலோ இறந்துபோவார். உடலில் நீர் கட்டும், நச்சுப்பொருள்கள் தேங்கும், பொட்டாசியம் மிகுந்து இதயம் திடீரென நின்றுவிடவும் கூடும். இது மருத்துவத்தின் மிக எளிய உண்மைகளுள் ஒன்று. அத்தகையவரிடம் போய், 'குணமாகிவிட்டேன் என்று நம்பி நன்றி சொல். நம்புவது மெய்யானால் ஊசிக்கு ஏன் மறுபடி கையை நீட்டுகிறாய்?' என்று கேட்பது எத்தகைய செயல்? நம்மிடமே ஒருவர் இதைக் கேட்டார். அவர் தீயவர் அல்லர், கண்ணீரோடுதான் கேட்டார். கண்ணீரோடு சொல்லப்படுவதால் ஒரு கூற்று மெய்யாகிவிடாது.

அன்பும் ஆபத்தாகலாம் என்பதைச் சிறுநீரக நோயாளியின் வீட்டார் நன்கு அறிவர். பார்க்க வருவோர் இளநீர் கொண்டுவருவர். வாழைப்பழச் சீப்பு கொண்டுவருவர். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவர் பால்கோவா இல்லாமல் வருவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பண்டம்தான்; ஆனால் பாலில் உள்ள பாஸ்பரசைச் செயலிழந்த சிறுநீரகம் வெளியேற்றாது. ராஜபாளையத்து மாம்பழத்துக்கும் அளவு உண்டு. தண்ணீருக்கும் அளவு உண்டு. ஊரே போற்றும் இனிப்பு ஒரு நோயாளிக்கு நஞ்சாகக் கூடும் எனில், ஊரே போற்றும் அறிவுரை மட்டும் ஏன் ஆகாது?

*

இனி, மறைநூலுக்கு வருவோம். நோய்க்குக் காரணம் அவிசுவாசம் என்போர் எந்த விவிலியத்தை வாசிக்கின்றனர் என்று வியக்கிறோம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா என்று வினவியபோது, இருவரும் அல்லர் என்றார் இயேசு. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் இதனைக் கூறுகிறது. சிலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டனரே, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்று தாமே கேட்டு, இல்லை என்று தாமே விடை சொன்னதை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் காணலாம்.

பவுலை எடுத்துக்கொள்வோம். நோயாளிகளைக் குணப்படுத்தியவராக அவர் போற்றப்படுகிறார். அவரே தம் உடலில் தைத்திருந்த முள் நீங்க வேண்டுமென்று மும்முறை மன்றாடினார், நீங்கவில்லை. தம் தோழர் துரோப்பீமுவை நோயுற்ற நிலையிலேயே மிலேத்து நகரில் விட்டுவந்ததாகத் தம் கடைசி மடலொன்றில் எழுதுகிறார். இளையவர் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அவர் சொன்னது முன்பணமாக நன்றி செலுத்துமாறு அன்று; தண்ணீர் மட்டும் குடிப்பதை விட்டுச் சிறிது திராட்சமதுவைச் சேர்த்துக்கொள்ளுமாறு. எப்பாப்பிரோதீத்து சாவின் விளிம்புவரை சென்று மீண்டபோது, துயரத்தின்மேல் துயரம் வராதபடி இறைவன் தமக்கும் இரங்கினார் என்று எழுதினார். நண்பர் இறந்திருந்தால் துயருற்றிருப்பேன் என்று ஒளிவின்றிச் சொல்லும் மனிதர் அவர். இன்றைய துண்டறிக்கைகளின் அளவுகோலால் அளந்தால் பவுலும் அவிசுவாசியே.

இதற்கு மறுப்பாக அவர்கள் எடுத்து நீட்டுவதும் பவுலின் கூற்றையே. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் மடல், 5ஆம் அதிகாரம், 18ஆம் வசனம். எல்லாவற்றிலும் நன்றி செலுத்தச் சொல்லும் வசனம் அது. 'எல்லாவற்றிலும்' என்னும் வேற்றுமை உருபைக் கவனிக்க வேண்டும். எல்லா நிலையிலும் நன்றியுள்ளவராக இருங்கள் என்பது ஒன்று. எல்லாத் தீங்குக்காகவும் நன்றி சொல்லுங்கள் என்பது வேறொன்று. எபேசியருக்கு எழுதிய மடலின் 5ஆம் அதிகாரத்தில் 'எல்லாவற்றிற்காகவும்' என்னும் பொருளில் வருகிறதே என்று வாதிடுவர். வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் அதை எழுதிய கையே துயரத்தைத் துயரம் என்று எழுதியது. முள்ளை முள் என்று எழுதியது. சாவைக் கடைசிப் பகைவன் என்று எழுதியது. பகைவனுக்கு நன்றி சொல்லும்படி அது கற்பித்ததாகக் கொண்டால் மற்ற பக்கங்களையெல்லாம் கிழித்துவிட வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக இயேசுவின் கடைசி இரவு இருக்கிறது. அந்த இரவில் அவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். திருவிருந்துக்குக் கிரேக்கத்தில் வழங்கும் 'யூக்கரிஸ்தியா' என்னும் பெயரின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதுதான். சில நாழிகை கழித்துக் கெத்செமனே தோட்டத்தில், இந்தக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென்று வியர்வை சிந்த மன்றாடினார். நீங்கவில்லை. ஒரே இரவு, ஒரே வாய். நன்றியும் உண்டு, மன்றாட்டும் உண்டு. அப்பத்துக்கு நன்றி சொன்னவர் சிலுவைக்கு நன்றி சொல்லவில்லை. சிலுவை நீங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பில் அப்பத்துக்கு நன்றி சொல்லவும் இல்லை. நோயாளியின் வீட்டில் இருக்கும் கிறித்தவருக்கு இதைவிட வேறு வழிகாட்டி எதற்கு?

*

தமிழ் படித்தவர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சபைகளில் நன்றி என்ற சொல்லைவிட 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லே மிகுதியாக ஒலிக்கிறது. 1871இல் வெளிவந்த சீர்திருத்தத் திருச்சபையாரின் தமிழ் விவிலியம் மேற்சொன்ன தெசலோனிக்கேயர் வசனத்தில் ஸ்தோத்திரம் என்றே மொழிபெயர்த்தது. 1995இல் வந்த திருவிவிலியம் நன்றி என்று மொழிபெயர்த்தது. ஸ்தோத்திரம் என்பது புகழ்ச்சி. அதில் தவறில்லை; இறைவனைப் புகழ்வது அழகுதான். ஆனால் புகழ்ச்சியைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்துவிட முடியும். நன்றியை அவ்வாறு செய்ய முடியாது.

ஏன் என்பதற்குத் திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பே போதும்: செய்ந்நன்றியறிதல். இன்று நன்றி என்றால் நாம் சொல்லும் சொல், அல்லது நெஞ்சில் எழும் உணர்வு. பழந்தமிழில் நன்றி என்பது பிறர் செய்த நன்மையின் பெயர். நம் பங்கு அதனை 'அறிதல்'. யார் செய்தார், எப்போது செய்தார், என்ன விலை கொடுத்துச் செய்தார் என்று அறிவது. ஆகவே நன்றி முதலில் அறிவு; பிறகுதான் உணர்ச்சி. இன்னும் நிகழாத ஒன்றை அறிய முடியாது. வராத குணத்துக்கு முன்கூட்டி நன்றி செலுத்துவது தமிழ்ச் சொல்லின் பொருளுக்கே முரண். வந்திருக்கும் நன்மையை அறியாமல் விடுவதோ நன்றிகேடு. நம் வாய்பாட்டார் இரண்டையும் ஒருங்கே செய்கின்றனர்.

அறிவதற்கு எவ்வளவு இருக்கிறது தெரியுமா? ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. நாட்டின் பல மூலைகளிலும் உள்ள மருத்துவமனைகளுக்கு அங்கிருந்து துணி போகிறது. டயாலிசிஸ் முடிந்து ஊசியை உருவியதும் குருதி நிற்கும்வரை அழுத்திப் பிடிப்பது அத்தகைய துணியைத்தான். தறியின் இரைச்சலில் காது மங்கிப்போன யாரோ ஒருவர் நெய்தது அது. அவருக்காக எந்தச் சாட்சிக் கூட்டத்திலாவது எவரேனும் எழுந்து நின்றதுண்டா?

அந்த எந்திரத்தின் கதையையும் அறிய வேண்டும். நெதர்லாந்து ஜெர்மானியரின் பிடியில் இருந்த 1943இல், காம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இறைச்சியை அடைத்து விற்கப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதனுள் குருதியைச் செலுத்தினார். அவர் முதலில் மருத்துவம் செய்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோயினர். 1945இல்தான் ஒருவர் பிழைத்து எழுந்தார். அவர் யார்? நாஜிகளோடு ஒத்துழைத்ததற்காகச் சிறைப்பட்டிருந்த 67 வயதுப் பெண்மணி. ஊரார் வெறுத்த ஒருவர். நல்லார்மேலும் தீயார்மேலும் ஒருங்கே மழை பெய்விக்கிற இறைவனைப் பற்றி மலைப்பொழிவில் கேட்டிருக்கிறோம் அல்லவா? அம்மழை இப்படித்தான் பெய்தது. அங்கே விசுவாசத்தின் அளவு கேட்கப்படவில்லை.

1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் நெடுங்கால டயாலிசிசுக்கு வழி கண்டார். அவருடைய முதல் நோயாளி 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் கையின் தமனியையும் சிரையையும் இணைக்கும் முறையை வெளியிட்டனர். அதைத்தான் இன்று நோயாளிகள் எல்லாரும் ஃபிஸ்டுலா என்கின்றனர். விடியலில் கணவரின் மணிக்கட்டைத் தொட்டால் உள்ளே வண்டு முரல்வதுபோல் ஓர் அதிர்வு விரலில் ஏறும். அதிர்வு இருந்தால் அந்த வழி அடைபடவில்லை என்று பொருள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 120 லிட்டர் தூய்மையாக்கப்பட்ட நீர் அந்த எந்திரத்தின் வழியே ஓடுகிறது. அரசின் மருத்துவக் காப்பீடு எத்தனையோ ஏழைகளுக்கு அந்தச் செலவைத் தாங்குகிறது. அதில் தீப்பெட்டியும் சோப்பும் வாங்கும் எளியவர் கட்டிய வரியும் கலந்திருக்கிறது. இவற்றையெல்லாம் அறிவதே நன்றியறிதல். இத்தனை பேரின் கைகள் வழியாக ஒருவரே நம்மைத் தாங்குகிறார் என்று துணிவது நம்பிக்கை. முன்னதின்றிப் பின்னது வெறும் கூச்சல்.

*

முன்பண வாய்பாடு முற்றிலும் உடைந்துபோகும் ஓரிடம் உண்டு. அது உறுப்பு மாற்று. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் வாழ்க்கைத் துணையை நெருங்கிய உறவினராக ஏற்கிறது. நமக்கோ சர்க்கரை நோய், கொடுக்க இயலாது. ஆகவே, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் கணவரின் பெயர் இருக்கிறது. 'சிறுநீரகம் சீக்கிரம் வரவேண்டும் என்று உறுதியாகச் செபியுங்கள். வந்துவிட்டதாக நன்றி சொல்லுங்கள்' என்கின்றனர். எங்கிருந்து வரும்? 2008இல் சாலை விபத்துக்குப் பின் மூளைச்சாவு அடைந்த பதின்பருவ மாணவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் கொடையளித்ததைத் தமிழகம் மறந்திருக்காது. அக்கொடைக்குப் பிறகே இங்கு உறுப்புக் கொடை பற்றிய பேச்சு வீடுதோறும் புகுந்தது. அப்பெற்றோரும் தம் மகன் பிழைக்க வேண்டுமென்றுதானே ஏங்கியிருப்பர்?

நம் வீட்டுக்கு நற்செய்தி வரும் இரவு வேறொரு வீட்டில் ஒப்பாரி எழும் இரவாக இருக்கும். அவ்வீட்டாரின் விசுவாசம் குறைவு, நம்முடையது மிகுதி என்று சொல்லத் துணிவார் உண்டா? துணிந்து சொல்வாராயின் அவர் வணங்குவது நாம் அறிந்த இறைவனை அன்று. அந்த இரவு வருமானால், நாம் செய்ய வேண்டியது வெற்றி முழக்கம் அன்று. தலைகுனிந்து அந்த வீட்டை அறிதல். வராவிட்டாலும் அறிவதற்கு உரியவை குறைந்துவிடப் போவதில்லை.

*

இவ்வாய்பாட்டின் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மனைவி நோயுற்றால் கணவனின் விசுவாசத்தை எவரும் எடைபோடுவதில்லை. 'பாவம், சமையலுக்கு என்ன செய்கிறார்?' என்றுதான் கேட்பர். கணவன் நோயுற்றால், 'நீ எத்தனை மணிக்கு எழுந்து செபிக்கிறாய்? உபவாசம் இருக்கிறாயா?' என்று மனைவியைக் குறுக்கு விசாரணை செய்கின்றனர். எமனிடமிருந்து கணவனை மீட்ட சாவித்திரியின் கதை கேட்டு வளர்ந்த நாடு இது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் கணவன் நலத்துக்காகக் காரடையான் நோன்பு நோற்கும் பெண்கள் உண்டு. மனைவி நலத்துக்காக ஆண்கள் நோற்கும் நோன்பு ஒன்றை நாம் கேள்விப்பட்டதில்லை. மாங்கல்ய பலத்தை மறுத்துவிட்டதாகப் பெருமை பேசும் கிறித்தவர்கள், அதற்கு 'விசுவாச பலம்' என்று பெயர் மாற்றிப் பழைய சுமையைப் பழைய தலையிலேயே ஏற்றிவிட்டனர். கணவன் இறந்தால் அந்தப் பெண் கைம்பெண் மட்டும் அல்லள்; விசுவாசத் தேர்வில் தோற்றவளும் ஆவாள். பெஞ்சில் நம்மோடு அமர்ந்திருந்த பெண்களுள் சிலர் இப்போது வருவதில்லை. அவர்கள் தோற்றவர்கள் என்று சொல்லும் எவருக்கும் முன்னால் நாம் அமைதியாக இருக்கப் போவதில்லை.

*

'துன்பம் நன்மையில் முடியும், ஆகவே துன்பத்துக்கு நன்றி' என்று சற்று நாகரிகமாக வாதிடுவோரும் உளர். அவர்களுக்கு வேலூரை நினைவூட்டுவோம். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து, பேற்று வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்தனர். அவர் அப்போது மருத்துவர் அல்லர். மருத்துவரான தந்தையை அனுப்ப அவர்கள் உடன்படவில்லை. மறுநாளுக்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவுதான் தம்மை மருத்துவம் படிக்கத் தூண்டியது என்று ஐடா கூறிவந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஷெல் என்பவர் மறைந்த தம் மனைவி மேரியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்து 1902இல் திறக்கப்பட்டது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு இவ்வாறு தொடங்குகிறது.

இவ்வரலாற்றில் நன்றி எங்கே இருக்கிறது? மனைவியை இழந்த ஒருவரின் கொடையில் இருக்கிறது. அந்த இரவை மறக்க மறுத்த ஒரு பெண்ணின் உழைப்பில் இருக்கிறது. ஆனால் வேலூர் எழுவதற்காகத்தான் இறைவன் அம்மூன்று பெண்களையும் கொன்றார் என்று ஒருவர் சொல்வாராயின், அவர் அம்மூன்று கணவர்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? தீமையிலிருந்து நன்மை முளைக்கலாம். அதனால் தீமை நன்மை ஆகிவிடாது. ஐடா அந்த இரவுக்கு நன்றி சொல்லி அமர்ந்துவிடவில்லை. அப்படி ஓர் இரவு இனி வரக்கூடாது என்று எழுந்தார். அவருடைய விசுவாசம் அதுவே.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிசின் வாழ்க்கையும் இங்குப் பொருந்தும். 1957இல் அவர் எலும்புப் புற்றுநோயுற்ற ஜாய் டேவிட்மேனை மருத்துவமனைக் கட்டிலருகே மணந்தார். அருட்பணியாளர் ஒருவர் கைகளை வைத்துச் செபித்தார். மருத்துவர் வியக்க ஜாய் எழுந்து நடந்தார். நம் ஊராயின் அன்றே மேடை போட்டுச் சாட்சி சொல்ல வைத்திருப்பர். லூயிஸ் 1959இல் செபத்தைப் பற்றி எழுதியபோதுகூட இத்தகைய நிகழ்வை ஐயத்துக்கு இடமற்ற சான்றாக முன்வைக்க மறுத்தார். அவ்வாண்டே நோய் திரும்பியது. 1960 ஜூலையில் ஜாய் இறந்தார். 1961இல் லூயிஸ் புனைபெயரில் வெளியிட்ட துயரக் குறிப்புகளில் இறைவன்மீது கோபம் இருக்கிறது, ஐயம் இருக்கிறது, இறுதியில் மெல்லத் திரும்பும் நம்பிக்கையும் இருக்கிறது. கிடைத்த மூன்று ஆண்டுகள் பொய்யாகிவிடவில்லை. அவற்றை நன்மை என்று அறிய, நான்காம் ஆண்டு தேவைப்படவில்லை.

*

மறுபக்கத்திலிருந்து நம் பகுத்தறிவு நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. 'இவ்வளவும் அறிவியலும் மனித உழைப்பும் தந்தவை. இடையில் கடவுள் எதற்கு? அச்சம்தான் உங்களைச் செபிக்க வைக்கிறது' என்கின்றனர். அச்சம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அச்சம் பிறப்பிப்பது கெஞ்சலை, நன்றியை அன்று. அஞ்சுகிறவர் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருப்பார். இருப்பதை எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமிராது. மூன்று ஆண்டுகளில் நம் அச்சம் குறையவில்லை. அதன் பக்கத்தில் வேறொன்றும் வளர்ந்திருக்கிறது என்பதே நம் அனுபவம். கோல்ஃபுக்கும் நெசவாளருக்கும் நன்றி சொன்ன பிறகும், மணிக்கட்டில் அந்த அதிர்வு கேட்கும் விடியலில் நெஞ்சில் எஞ்சி நிற்கிற ஒன்றை யாரிடம் சொல்வது? அதற்கு முகவரி இல்லை என்பது அவர்கள் முடிவு. உண்டு என்பது நம் முடிவு. இதில் நண்பர்களாக வேறுபடலாம். ஆனால் ஒன்று: துண்டறிக்கைக்காரரின் கடவுளை மறுத்துவிட்டு நம்முடையவரை மறுத்ததாக அவர்கள் எண்ணிக்கொள்ள வேண்டா. அந்தக் கடவுளை நாமும்தான் மறுக்கிறோம்.

கேட்டது கிடைக்காவிட்டால் அப்புறம் எதற்குச் செபம் என்பது அடுத்த வினா. ஸ்ரீவில்லிபுத்தூரின் காற்றை உண்டு வாழும் எவரும் இவ்வினாவைக் கேட்கலாகாது. ஆண்டாளின் திருப்பாவையில் பெண்கள் பறை வேண்டி நோன்பு தொடங்குகின்றனர். 29ஆம் பாசுரத்தில், தாங்கள் வந்தது பறைக்காக அன்று என்று சொல்லி, என்றென்றைக்குமான உறவையும் பணிவிடையையுமே கேட்கின்றனர். கேட்கத் தொடங்கிய பொருள் பின்னே போகிறது. கேட்கப்பட்டவர் முன்னே வருகிறார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டபோது தமிழ்ப் பக்தியின் மொழியை வெளியே விட்டுவிட்டு வரவில்லை, கூடவே கொண்டுவந்தார். அந்த மரபில் வந்த நாம், இறைவனைக் கொள்முதல் செய்யும் மொழியை எங்கிருந்து கடன் வாங்கினோம்?

*

எனவே, நம் சபையாருக்குச் சில வேண்டுகோள்கள். சாட்சிக் கூட்டங்களில் குணமானவர்களுக்கு மட்டுமன்றிக் குணமாகாதவர்களுக்கும் இடம் கொடுங்கள்; அவர்களிடமும் சொல்வதற்கு நன்றி உண்டு, கேட்டுப் பாருங்கள். மருந்தையோ டயாலிசிசையோ நிறுத்தச் சொல்லும் எவரையும், அவர் எத்துணைப் பெரிய ஊழியராயினும், நோயாளியின் கட்டிலருகே விடாதீர்கள். மரித்தவரின் மனைவியிடம் விசுவாசக் கணக்குக் கேட்காதீர்கள். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அமர்ந்திருந்தனர்; அவர்கள் செய்த நன்மை அந்த ஏழு நாள்தான். வாய் திறந்து நோய்க்குக் காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே இறைவனின் சினத்துக்கு ஆளாயினர். ஆதலால் வந்து அமருங்கள். பேசித்தான் ஆக வேண்டுமென்றால், அடுத்த டயாலிசிஸ் எந்தக் கிழமை, உடன் செல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். வரும்போது இளநீரும் பால்கோவாவும் வேண்டா.